அதை விட்டுடுங்க ஐயா

சுசித்ராவின் வேலைக்கு மொத்தம் நாற்பத்திரண்டு பதில்கள் இருந்தன. நாற்பத்து மூன்றாவதாக ஒன்றைச் சொல்லிவிட்டால் வேலை போய்விடும். ஓசூர் பாகலூர் ரோட்டில், கீழே டைல்ஸ் கடையும் மேலே மூன்று மாடிக்குக் கண்ணாடியுமாக நிற்கும் ஒரு கட்டடத்தின் இரண்டாம் மாடியில் உட்கார்ந்து, அவள் கனடாக்காரர்களுக்குப் பதில் எழுதிக்கொண்டிருந்தாள். அந்த ஊர் முதலீட்டு நிறுவனம் ஒன்றில் பணம் போட்ட சாதாரண மனிதர்கள் தூக்கம் வராமல் எழுதுகிற மெயில்களெல்லாம் இங்கே காலை ஏழு மணிக்கு வரிசையில் காத்திருக்கும்.

அந்த நாட்டில் ஒன்றரை வருடமாக வட்டி ஏறிக்கொண்டே இருந்தது. வட்டி ஏற ஏற மெயில்களும் ஏறின. ஆனால் கேள்வி என்னவோ ஐந்துதான். வட்டி ஏறுகிறதே, என் பாண்டு ஃபண்டு ஏன் இறங்குகிறது? பாதுகாப்பானது என்றுதானே சொன்னீர்கள்? இது எப்போது நிற்கும்? இதை எடுத்து பேங்கில் டெபாசிட்டாகப் போடட்டுமா? கடைசியில் எல்லோரும் வந்து நிற்கும் கேள்வி: விற்கவா, வைத்திருக்கவா? முதல் நான்குக்கும் ஏதோ ஒரு பதில் இருந்தது. ஐந்தாவதற்குப் பதில் கிடையாது, கம்பெனி எழுதிவைத்த பதினேழாம் நம்பர்தான் உண்டு. முதல் இரண்டு வரி அனுதாபம், அடுத்த ஐந்து வரி பாடம், கடைசி வரி 'தங்கள் நிதி ஆலோசகரை அணுகவும்'. படித்து முடித்தவருக்கு, படிப்பதற்கு முன்னால் தெரிந்ததைவிட ஒரு சொல் கூடுதலாகத் தெரிந்துவிடக் கூடாது. தெரிந்துவிட்டால் அதற்குப் பெயர் ஆலோசனை. ஆலோசனை சொன்னவர் அன்று மாலையே அடையாள அட்டையைக் கழற்றிக் கொடுத்துவிட்டுப் போக வேண்டியதுதான்.

வீட்டில் அம்மா மாரம்மாவுக்கு இந்த வேலையே விளங்கவில்லை. "வட்டி ஏறுனா பணம் போட்டவனுக்குக் கொண்டாட்டந்தான பாப்பா? அவன் இன்னாத்துக்கு அழுவறான்?" என்பாள். அவர்கள் ஊரான தளிப் பக்கத்தில் பாண்டு என்றால் கடன் கொடுப்பவன் முத்திரைத்தாளில் எழுதி வாங்கிக்கொள்வது. வட்டி ஏறினால் பாண்டு வைத்திருப்பவன் மீசையை முறுக்குவான். சுசித்ரா ஒருநாள் பொறுமையாக விளக்கினாள்.

"அவங்க வாங்கின பாண்டுல மூணு ரூபா வட்டின்னு முன்னாடியே எழுதியாச்சும்மா. இப்ப புதுசா எழுதறதுல அஞ்சு ரூபா தர்றான். அப்ப பழசக் கொண்டுபோய் வித்தா எவன் முழு வெல குடுப்பான்?"

மாரம்மா கொஞ்சம் யோசித்தாள். "அப்ப நானு பழைய பாண்டுன்னு சொல்லு. எனக்கு ஒம்பதாயிரம், போன மாசம் வந்தவளுக்குப் பதினொண்ணு" என்று சொல்லிவிட்டு வாய்விட்டுச் சிரித்தாள். பதினேழாம் நம்பரை ஏழு தடவை படித்த கனடாக்காரர்களுக்கும் புரியாதது அவளுக்கு ஒரே நிமிடத்தில் புரிந்துவிட்டது.

அந்த ஒன்பதாயிரத்தைக் கொடுத்ததும் அதே கண்ணாடிக் கட்டடம்தான். ரோஜா வளர்க்கும் பாலித்தீன் கூடாரங்களில் பதினெட்டு வருடம் குனிந்து நிமிர்ந்ததில் மாரம்மாவின் வலது முட்டி போயிற்று. முட்டி போனதும் கூடாரத்து வேலையும் போயிற்று. பிறகு ஒரு ஏஜென்சிக்காரன் அவளை ஹவுஸ்கீப்பிங்குக்கு எடுத்தான். ஓசூரில் இருக்கிற அத்தனை கட்டடங்களையும் விட்டுவிட்டு, மகள் உட்கார்ந்திருக்கிற அதே மாடியைக் கூட்டித் துடைக்க அனுப்பினான். அன்று சாயங்காலம் சுசித்ரா சோற்றில் கை வைக்கவில்லை.

"ஆபீஸ்ல என்னைத் தெரிஞ்ச மாதிரி காட்டிக்காதம்மா" என்றாள்.

மாரம்மா அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "சரிங்க மேடம்" என்றாள். அன்றிலிருந்து வீட்டிலும் மேடம்தான்.

கூட வேலை செய்கிறவர்கள் பெங்களூரில் படித்தவர்கள். தான் ஒயரிங் கம்பெனி லைனில் நான்கு வருடம் நின்றுகொண்டே தபாலில் பி.காம். முடித்தவள் என்பதையே சுசித்ரா அவர்களிடம் சொல்லியிருக்கவில்லை. வெட்கம்தான், அதற்கு நல்ல பெயராக ஒன்றைத் தேட வேண்டியதில்லை. மாரம்மா மாப்பைத் தள்ளிக்கொண்டு நொண்டி நொண்டி வரிசையாக வருவாள். மகளின் மேஜைக்கு வந்ததும் மற்ற மேஜைகளைவிடக் கொஞ்சம் கூடுதல் நேரம் துடைப்பாள். "காலைத் தூக்குங்க மேடம்" என்பாள். மகள் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் காலைத் தூக்கிக்கொள்வாள்.

ஆனாலும் மகள் மனதில் ஒன்றுதான் ஓடிக்கொண்டிருந்தது. மூன்று வருடமாக அவள் ஒப்பந்தத்தில் இருந்தாள். நிரந்தரமானால் பெற்றவர்களுக்கும் மருத்துவக் காப்பீடு உண்டு, அதில் முட்டி மாற்று அறுவை சிகிச்சை வரும். ஏப்ரலில் இரண்டு பேரை நிரந்தரமாக்கப் போவதாகப் பேச்சு. அந்த இருவரில் ஒருத்தியாக வர வேண்டும், அவ்வளவுதான். "ஏப்ரல் வரைக்கும் பொறுத்துக்கம்மா" என்பாள். மாரம்மா விளக்கெண்ணெயைத் தேய்த்துக்கொண்டே, "சரி, முட்டிகிட்ட சொல்லி வைக்கறேன் மேடம்" என்பாள்.

மாரம்மாவுக்கு வாய் கொஞ்சம் நீளம். சொந்தக்காரர்கள் வந்தால் எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது என்றே தெரியாது. பேச்சு தப்பான பக்கம் திரும்பினால் சுசித்ரா தன் காது மடலைப் பிடித்துக்கொள்வாள். அம்மா உடனே பேச்சை வேறு பக்கம் ஒடிப்பாள். மகளின் கை காதிலிருந்து இறங்கும்வரை ஒடித்துக்கொண்டே இருப்பாள். கூரை வீட்டுக் காலத்திலிருந்து இருவருக்கும் நடுவில் இருக்கிற ஏற்பாடு அது.

தினமும் காலையில் வரிசையில் முதலில் நிற்கிற மெயில் சிவக்கொழுந்து என்பவருடையது. எழுபத்தெட்டு வயது. யாழ்ப்பாணத்திலிருந்து போய் நாற்பது வருடம் ஆனவர். மனைவிக்கு நினைவு தப்பிப்போய், பராமரிப்பு இல்லத்தில் இருந்தாள். அந்தச் செலவுக்காக வீட்டை விற்று, பாதுகாப்பானது என்று யாரோ சொன்னதை நம்பி மொத்தத்தையும் பாண்டு ஃபண்டில் போட்டிருந்தார். அது இறங்க இறங்க அவருடைய மெயில்கள் நீண்டன. காலையில் என்ன சாப்பிட்டார் என்பதில் தொடங்கி, மனைவி தன்னை அண்ணா என்று கூப்பிட்டதைச் சொல்லி, கடைசியில் அதே கேள்வியில் வந்து நிற்பார்.

டீம் லீடர் ஜெகதீஷ் அத்திப்பள்ளியிலிருந்து வருகிற கன்னடக்காரன். அவன் அந்த மெயில்களை மூக்கால் இழுத்து இழுத்துச் சத்தமாகப் படித்துக்காட்டுவான். "கொழுந்து வந்தாச்சா? இன்னைக்கு கஞ்சியா, ரொட்டியா?" என்பான். மொத்த வரிசையும் சிரிக்கும். சுசித்ராவும் சிரிப்பாள். நிரந்தரமாக வேண்டியவள் டீம் லீடர் ஜோக்குக்குச் சிரிக்காமல் இருக்க முடியுமா? சிரித்துவிட்டுப் பதினேழாம் நம்பரை ஒட்டி அனுப்புவாள். கீழே 'சூசி' என்று கையெழுத்து இருக்கும், அது கம்பெனி அவளுக்கு வைத்த பெயர்.

அக்டோபர் மாதம் ஒரு காலையில் சிவக்கொழுந்துவிடமிருந்து மூன்றே வரி வந்திருந்தது. கஞ்சியும் இல்லை, ரொட்டியும் இல்லை. ஃபண்டை வைத்திருக்கவா விற்கவா, ஒரு சொல் போதும் என்று ஆங்கிலத்தில் கேட்டிருந்தார். அதற்குக் கீழே ஆங்கில எழுத்தில் தமிழ்: 'ஆராவது தமிழ் தெரிஞ்ச ஆக்கள் அங்க இருந்தா ஒரு சொல்லுச் சொல்லுங்கோ. அது காணும்.'

 சுசித்ரா ஒரு வருடமாக இந்த மனுஷனுடைய கஞ்சியைக் கேட்டுச் சிரித்திருக்கிறாள். இப்போது அவர் யாரென்று தெரியாமலேயே அவளைத் தேடி வந்து கதவைத் தட்டுகிறார். அவளுக்குப் பதிலும் தெரிந்திருந்தது. பாடத்தை ஒட்டி ஒட்டி அனுப்பிய கைக்குப் பாடம் ஏறாமலா இருக்கும்? இவ்வளவு தூரம் இறங்கிய பிறகு விற்றால் நஷ்டம் உறுதியாகிவிடும். வட்டி ஏறுவது நின்றால் பழைய பாண்டுக்கு மறுபடி விலை வரும். தொடாமல் இருந்தால் போதும் என்றுதான் அவள் நம்பினாள். மூன்று வருடத்தில் அன்றைக்குத்தான் முதல்முறையாக, தெரிந்ததைச் சொல்ல வேண்டும் என்று அவளுக்கு வெறியே வந்தது.

பதினேழாம் நம்பரை ஒட்டினாள். அதற்குக் கீழே, 'அதை அப்படியே விட்டுடுங்க ஐயா' என்று ஆங்கில எழுத்தில் தமிழில் எழுத நினைத்து, 'அதை' வரைக்கும் அடித்தாள். ஜெகதீஷ் உட்கார்ந்திருந்த ஆபீஸ் நாற்காலி கிரீச்சென்று அவள் பக்கம் உருண்டு வந்தது. விரல்கள் மிச்சத்தை அவசரமாக அடித்து அனுப்பிவிட்டன. நாற்காலி அவளைத் தாண்டிக் காபி மெஷினுக்குப் போனது.  அனுப்பியதைத் திறந்து பார்க்க அவளுக்குத் தைரியம் வரவில்லை.

மறுநாள் ஒரு வரி வந்தது. 'நன்றி பிள்ளை. விட்டிட்டன். இப்ப மனசு லேசாக் கிடக்கு.'

அவளுக்கும் லேசாயிற்று. விட்டுவிட்டாராம், தொடவில்லையாம். அதற்குப் பிறகு அவரிடமிருந்து மெயிலே வரவில்லை. "கொழுந்து போய்ச் சேர்ந்தாச்சு போல" என்று ஜெகதீஷ் சொன்னபோது அவள் மட்டும் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டாள். நவம்பரிலும் டிசம்பரிலும் பாண்டு ஃபண்டுகள் விறுவிறுவென்று ஏறின. ஏறின ஒவ்வொரு நாளும் அவரை நினைத்து அவளுக்குக் கொண்டாட்டமாக இருந்தது. தளி பஸ்ஸில் அம்மாவிடம் மெதுவாகச் சொன்னாள். "ஒரு பெரியவரைக் காப்பாத்தியிருக்கேம்மா. யாருக்கும் தெரியாது."

"நல்லதாப் போச்சு போ. ஒரு உசுரோட வாழ்த்து சும்மாவா போவும்?" என்றாள் மாரம்மா.

ஜனவரியில் அந்த வாழ்த்து வந்து சேர்ந்தது. விதிமுறைப் பிரிவு அதிகாரி முனிராஜ் அவளைக் கண்ணாடி அறைக்குள் கூப்பிட்டு ஒரு தாளை நீட்டினார். சிவக்கொழுந்து புகார் கொடுத்திருந்தார். 'உங்கள் ஊழியர் விடச் சொன்னார். நான் மறுநாளே எல்லாவற்றையும் விற்றுவிட்டேன். அந்த வருடத்திலேயே மிகக் குறைந்த விலை அது என்று இப்போது சொல்கிறார்கள். வைத்திருந்தால் என் மனைவியின் இல்லத்துக்கு இன்னும் ஒரு வருடம் பணம் கட்டியிருப்பேன்.' அதற்குக் கீழே அவள் அனுப்பிய மெயில் அச்சாகியிருந்தது. 'அதை விட்டுடுங்க ஐயா.'

'அப்படியே' எங்கே? தாளைத் திருப்பிப் பார்த்தாள். பின்பக்கம் வெள்ளையாக இருந்தது. அந்த அவசரத்தில் அவள் விரல் தாண்டிப்போன ஒரே சொல் அதுதான். வைத்திருக்கவா, விற்கவா என்று கேட்டவரிடம் அதை விட்டுவிடுங்கள் என்றால் அவர் வேறு எப்படித்தான் எடுத்துக்கொள்வார்? அவர் 'விட்டிட்டன்' என்று எழுதியதைப் படித்து இவள் இரண்டு மாதம் கொண்டாடியிருக்கிறாள். 

முனிராஜ் குரலை உயர்த்திப் பேசும் ஆளில்லை. ஆளை வீட்டுக்கு அனுப்பும்போதுகூடத் தண்ணீர் கொடுத்துவிட்டுத்தான் அனுப்புவார். "இங்க பாரும்மா" என்றார். "'வித்துடுங்க'ன்னு சொல்லியிருந்தா அது ஆலோசனை. 'விக்காதீங்க'ன்னு சொல்ல வந்திருந்தாலும் ஆலோசனைதான். ரெண்டுல எதுன்னாலும் கம்பெனி அவருக்கு நஷ்டத்தக் கட்டும், நீ வீட்டுக்குப் போகணும். ரெண்டும் இல்லாம அந்த வார்த்தைக்கு வேற ஏதாச்சும் அர்த்தம் இருந்தா ஒரு பிரச்சினையும் இல்ல. நீயும் இருக்கலாம், ஏப்ரல் லிஸ்டும் இருக்கு. யோசிச்சு வை. சாயங்காலம் கனடா மேடம் வீடியோவுல வர்றாங்க."

ஜெகதீஷ் பக்கத்தில் நின்று நகத்தைக் கடித்தான். அவன் டீமுக்குக் கரும்புள்ளி விழும். "எங்க கன்னடத்துல 'பிட்பிடி'ன்னா, சும்மா, போகட்டும்னு அர்த்தம். தமிழ்லயும் அப்படித்தானேம்மா? அப்படித்தான் சொல்லணும், ஆயித்தா, சரியா?" என்றான்.

ஆறரை மணிக்குத் திரையில் அந்த அம்மாள் வந்தாள். அங்கே காலை எட்டு மணி, கையில் காபி. நரைத்த முடி, கனிவான முகம். கனிவாகவே சொன்னாள்: ஊழியர் தன் சொல்லுக்குத் தானே விளக்கம் தருவது செல்லாது, மேலதிகாரிகள் சொல்வதும் செல்லாது. தமிழ் பேசுகிற, இந்த விஷயத்தில் சம்பந்தமே இல்லாத ஒருவர் வேண்டும். முன்கூட்டி எதுவும் சொல்லித்தராமல், இப்போதே, தன் கண்முன்னால்.

முனிராஜ் கண்ணாடி வழியாக வெளியே பார்த்தார். ஷிப்ட் முடிந்து தளம் காலியாக இருந்தது. மாப்பைத் தள்ளிக்கொண்டு ஒருத்தி மட்டும் நொண்டி நொண்டி வந்துகொண்டிருந்தாள்.

"அக்கா, கொஞ்சம் உள்ள வாங்க."

 மாரம்மா வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு வந்து, மாப்பைச் சுவரில் சாய்த்தாள். திரையில் இருந்த வெள்ளைக்காரிக்கு ஒரு கும்பிடு போட்டாள். மகள்மேல் பட்ட பார்வையைப் படாத மாதிரி நகர்த்திக்கொண்டாள்.

"பயப்படாதீங்க, தப்பு ஒண்ணும் நடக்கல" என்றார் முனிராஜ். "ஒரு வார்த்தைக்கு அர்த்தம் கேக்கறோம், அவ்ளோதான். 'அதை விட்டுடுங்க ஐயா'ன்னு ஒருத்தர் சொன்னா உங்களுக்கு என்ன புரியும்?"

"எதப் பத்தி சார்?"

"எதப் பத்தின்னு சொல்லக் கூடாது. நீங்க சொல்லுங்க."

"இன்னா சார், இதெல்லாம் ஒரு கேள்வியா? மேஜ மேல காயிதம் கெடக்குது, அத விட்டுடுங்கன்னா தொடாதீங்க, அப்படியே இருக்கட்டும்னு…"

சுசித்ராவின் கை காது மடலுக்குப் போயிற்று. அவள் யோசித்துச் செய்யவில்லை, கை தானாகப் போயிற்று. போன பிறகு அவள் அதை இறக்கவும் இல்லை.

மாரம்மா அதைப் பார்த்துவிட்டாள். "அப்படியும் சொல்லுவாங்க" என்று இழுத்தாள். "இல்லாங்காட்டி, குடிகாரப் புருசன விட்டுடுன்னா தல முழுகுன்னு அர்த்தம். வச்சிக்கினு இன்னாத்துக்கு அல்லாடற, போட்டும்னு…"

சுசித்ராவின் பிடியில் காது மடல் சிவந்தது.

"பணத்த விட்டுட்டான்னா தொலச்சிட்டான்னு. என் வூட்டுக்காரரு சீட்டாட்டத்துல விட்டாரு பாருங்க, அந்த மாதிரி."

முனிராஜ் ஒவ்வொன்றையும் ஆங்கிலத்தில் சொல்லச் சொல்ல, திரையில் அந்த அம்மாள் எழுதிக்கொண்டே வந்தாள். "ஒரு வார்த்தைக்கு எத்தனை அர்த்தம் அப்பா" என்று ஜெகதீஷ் தலையில் கை வைத்துக்கொண்டான். மாரம்மாவுக்கு ஏசி அறையிலும் வியர்த்தது. என்ன கேட்கிறார்கள், எதற்குக் கேட்கிறார்கள், ஒன்றும் தெரியாது. மகளுடைய கை காதில் இருக்கிறது, அதை இறக்க வேண்டும். அது ஒன்றுதான் அவளுக்குத் தெரிந்தது.

"ஆனா ஐயான்னு சேத்துச் சொன்னா அது வேற சார்" என்றாள் மெதுவாக, மகளின் கையைப் பார்த்துக்கொண்டே. "நச்சு நச்சுன்னு வந்து ஒரே பேச்சப் பேசிக்கினு இருப்பாங்க பாருங்க செலபேரு. அவங்ககிட்ட, போதும் சாமி, அந்தப் பேச்ச விடுங்க, எங்கள ஆள விடுங்கன்னு கும்புடு போடுவோம்ல? அந்த மாதிரி."

சுசித்ராவின் கை மடிக்கு இறங்கியது.

"அதான் சார். அதேதான்" என்றாள் மாரம்மா. பரீட்சையில் தேறிவிட்ட பிள்ளையைப் போல அவள் முகம் மலர்ந்தது.

திரையில் இருந்த அம்மாள் பேனாவை வைத்துவிட்டுக் கேட்டாள், இந்தப் பெண்மணிக்கும் ஊழியருக்கும் ஏதாவது பழக்கம் உண்டா என்று. முனிராஜ் சிரித்துக்கொண்டே தமிழில் கேட்டார். "இந்த மேடத்த உங்களுக்குத் தெரியுமாக்கா?"

"ரெண்டு வருசமா இவங்க மேஜையத் தொடைக்கறேன் சார்" என்றாள் மாரம்மா. "பேருகூடத் தெரியாது."

"உனக்கு?"

"தெரியாது சார்" என்றாள் சுசித்ரா. இரண்டு வருடமாகச் செய்து பழகியதுதான், நாக்கில் தடங்கவே இல்லை.

கடைசியாக அவளிடம் கேட்டார்கள். இந்த அர்த்தத்தில்தான் சொன்னாயா? உண்மை தொண்டை வரைக்கும் வந்து நின்றது. ஒரு சொல் விட்டுப்போயிற்று, விற்க வேண்டாம் என்றுதான் சொல்ல வந்தேன் என்று சொன்னால் போதும். அந்தக் கிழவருக்குப் பணம் போகும், அவர் மனைவிக்கு ஒரு வருடம் கிடைக்கும். மாரம்மா வாசலில் ஒரு கையால் மாப்பையும் இன்னொரு கையால் முட்டியையும் பிடித்துக்கொண்டு குனிந்து செருப்பைத் தேடிக்கொண்டிருந்தாள். சுசித்ரா அந்த முட்டியைப் பார்த்தாள்.

"ஆமாம்" என்றாள். "ரொம்பத் தொந்தரவு பண்ணினார். அதனால்தான் அப்படிச் சொன்னேன்."

வாடிக்கையாளரிடம் மரியாதைக் குறைவு என்று இரண்டு மதிப்பெண் குறைத்தார்கள். அன்பாக ஒரு சொல் சொன்னதற்கு வேலை போகும், எரிந்து விழுந்ததற்கு இரண்டு மதிப்பெண். அந்தக் கண்ணாடிக் கட்டடத்தின் நியாயம் அப்படி. சிவக்கொழுந்துவுக்கான பதிலை அவளையே எழுதச் சொன்னார்கள். 'அந்தத் தமிழ்த் தொடர், சுயேச்சையான மொழி வல்லுநர் ஒருவரின் கருத்துப்படி, திரும்பத் திரும்பத் தொந்தரவு செய்வதை நிறுத்துமாறு கேட்டுக்கொள்ளும் பேச்சு வழக்கு ஆகும். அது முதலீட்டு ஆலோசனை ஆகாது. தொனியில் இருந்த மரியாதைக் குறைவுக்கு வருந்துகிறோம்.' மாதம் ஒன்பதாயிரத்துக்குத் தரை துடைக்கிறவள் ஒரே சாயங்காலத்தில் மொழி வல்லுநர் ஆகிவிட்டாள்.

பஸ்ஸில் மாரம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை. "சரியாச் சொன்னனா பாப்பா? மொதல்ல தடுமாறிட்டேன், அப்பறம் புடிச்சிட்டேன் பாத்தியா?" என்றாள். மகள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். கொஞ்ச தூரம் போனதும் மாரம்மா மறுபடி கேட்டாள். "யாரு பாப்பா அந்த ஐயா?"

"யாரோ."

"நீ காப்பாத்துனன்னு சொன்னியே, அந்தப் பெரியவரா?"

சுசித்ரா ஜன்னல் கம்பியில் நெற்றியை வைத்துக்கொண்டாள். மாரம்மா வாய்மேல் கை வைத்துக்கொண்டாள். ஊர் வரும்வரைக்கும் அந்தக் கையை எடுக்கவே இல்லை.

மூன்று நாள் கழித்து அவர் எழுதினார், ஆங்கில எழுத்தில், முழுக்கத் தமிழில். 'பிள்ளை, நான் கரைச்சல் குடுக்கிறன் எண்டு எனக்கு விளங்கேல்லை. எனக்கு உதவி செய்யிறீங்கள் எண்டு நினைச்சிட்டன். வயசு போன மனிசன், மன்னிச்சுக்கொள்ளுங்கோ. இனி எழுத மாட்டன்.' எந்த மெயிலுக்கும் ஒரு நாளுக்குள் பதில் போயாக வேண்டும் என்பது விதி. சுசித்ரா நாற்பத்திரண்டையும் மேலிருந்து கீழாகப் பார்த்தாள். கடைசியில் முப்பத்தொன்றாம் நம்பரை ஒட்டினாள். 'தங்கள் கருத்துக்கு நன்றி. தங்களுக்குச் சேவை செய்வதில் மகிழ்ச்சி அடைகிறோம்.' அனுப்பிவிட்டுப் பாத்ரூமுக்குப் போய் அழுதாள். பக்கத்துக் கதவுக்கு அந்தப் பக்கம் யாரோ பிரஷ்ஷால் தேய்த்துக்கொண்டிருந்த சத்தம் சட்டென்று நின்றது.

ஏப்ரலில் அவளுக்கு நிரந்தர ஆணை வந்தது. ஜெகதீஷ் கேக் வாங்கி வெட்டினான். முனிராஜ் கை கொடுத்தார். மனிதவளப் பிரிவுப் பெண் அனுப்ரியா காப்பீட்டுப் படிவத்தை அவள் மேஜைக்கே கொண்டுவந்து வைத்தாள். தந்தை பெயர், தாய் பெயர், இருவருடைய ஆதார் நகலும் புகைப்படமும். எல்லாவற்றையும் சரிபார்த்துக் கையெழுத்துப் போட வேண்டியவர் முனிராஜ் என்று கீழே அச்சடித்திருந்தது. சுசித்ரா பேனாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தந்தை என்ற இடத்தில் திம்மராயன், பிரிந்து சென்றவர் என்று எழுதினாள். தாய் என்ற இடத்தில் பேனா நின்றது. அம்மாவின் புகைப்படத்தை முனிராஜ் ஒரு தடவை பார்த்தால் போதும், பேர்கூடத் தெரியாதவளுக்கு இவள் மகள் என்பது தெரிந்துவிடும். அப்புறம் வேலையும் இல்லை, காப்பீடும் இல்லை, பொய் சாட்சி சொல்ல வைத்த பழி வேறு.

பக்கத்து மேஜைவரை மாப் வந்துவிட்டது. ஈரத்தரையில் ஒரு கால் அழுத்தியும் ஒரு கால் இழுத்தும் வருகிற சத்தம் அவளுக்குப் பார்க்காமலேயே தெரியும்.

படிவத்தை எடுத்து மேலோட்டமாகப் பார்த்த அனுப்ரியா சொன்னாள். "மேடம், அம்மா பேரை விட்டுட்டீங்களே."

சுசித்ரா திரையைப் பார்த்தாள். காலையில் வந்த மெயில்கள் அதில் வரிசையாக நின்றன.

"அதை அப்படியே விட்டுடுங்க" என்றாள்.

கீழே ஈரத்துணி ஒரு நொடி நின்றது.

"காலைத் தூக்குங்க மேடம்" என்றாள் மாரம்மா.

சுசித்ரா தூக்கிக்கொண்டாள்.